மிதியை விட்டும் இறங்காத ஆர்.பி.எம்.: காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடும் முறை

கொழும்பின் காலி வீதியில் மாலை நேரத்து நெரிசல். அக்சலேட்டரிலிருந்து காலை எடுத்தாயிற்று, எஞ்சின் மட்டும் நிமிடத்துக்கு 1500 சுற்றில் (ஆர்.பி.எம்.) நின்று இரைந்துகொண்டிருக்கிறது. ஓட்டோ கியர் கார் என்றால் அது முன்னால் நிற்கும் பஸ்ஸை நோக்கித் தள்ளும், பிரேக்கை மிதித்தபடியே இருக்க வேண்டும். மனுவல் கார் என்றால் கிளச்சை மிதித்ததும் உறுமும். கராஜுக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் ஸ்குரூட்ரைவரை எடுத்து 'ஸ்லோவை', அதாவது மிதியை விட்ட நிலையில் எஞ்சின் ஓடும் ஐட்லிங் வேகத்தை, குறைத்துத் தந்துவிடுவார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் சிக்னலில் எஞ்சின் நின்றுபோகும்.

பெற்றோல் எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பது அதற்குள் போகும் காற்று. மிதியை விட்டதும் திரொட்டில் தட்டு (காற்றுக்குழாயின் கதவு) மூடிக் காற்றை அடைக்க வேண்டும். ஆர்.பி.எம். இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு வழியால் காற்று இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஸ்குரூவைத் திருகுவது, ஓட்டை வழியால் வரும் காற்றுக்கு ஈடாக நல்ல வழியை அடைப்பது போன்றது. திரொட்டில் தட்டைத் தாங்கி நிற்கும் அந்தச் சிறு ஸ்குரூ (ஸ்டொப் ஸ்குரூ) தொழிற்சாலையில் அளந்து வைத்துப் பெயின்ட் அடையாளமிடப்பட்டது. பெயின்ட் உடைந்திருந்தால் உங்களுக்கு முன் ஒருவர் கைவைத்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது பெற்றோல் கார்களுக்கு. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் எஞ்சின் தன் பாட்டில் ஓடி நிற்பது வேறு கணக்கு, டீசலும் வேறு.

முதலில், இது பழுதுதானா?

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். றேடியேட்டர் விசிறி ஒரு தடவை ஓடி நிற்கும்வரை காத்திருந்தால் போதும். ஏ.சி., விளக்கு, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்தி, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வையுங்கள். 3000இல் ஐந்து விநாடி பிடித்து, காலைச் சட்டென்று எடுங்கள். நல்ல எஞ்சின் இரண்டு மூன்று விநாடிக்குள் தன் ஐட்லிங்குக்கு வந்துவிடும். அநேக சிறிய ஜப்பான் கார்களில் அது 650 முதல் 800 வரை. உங்கள் காருக்குரிய சரியான எண் பொனட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கக்கூடும்.

எப்படி இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். 1500இல் சில விநாடி தொங்கி, பிறகு திடீரென்று விழுந்தால் ஏதோ ஒன்று ஒட்டிப்பிடித்து விடுகிறது: மிதியையும் திரொட்டிலையும் இணைக்கும் கேபிள், திரொட்டில் தட்டு, ஐட்லிங் வால்வு. இறங்கவே மறுத்து ஒரே இடத்தில் நின்றால் நிரந்தரமாக ஒரு வழி திறந்திருக்கிறது. 1000க்கும் 1800க்கும் இடையே ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் வெளிக்காற்று நிறைய வருகிறது. தட்டு மூடியிருக்கும்போது ஆர்.பி.எம். அளவுக்கு மேல் இருந்தால் எஞ்சின் கம்பியூட்டர் பெற்றோலை வெட்டிவிடும். எஞ்சின் விழும், கம்பியூட்டர் மறுபடி பெற்றோலைக் கொடுக்கும், கசிவுக் காற்று அதை மறுபடி மேலே தூக்கும். இப்படியே ஆடிக்கொண்டிருக்கும்.

சில விஷயங்கள் பழுதல்ல. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1200க்கு மேல் ஓடுவது இயல்பு. ஆனால் கொழும்பின் வெக்கையில் அது சில நிமிடத்தில் அடங்கிவிட வேண்டும். ஏ.சி. போட்டால் நூறு, இருநூறு கூடும். பல கார்களில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்வரை ஐட்லிங்கைச் சற்று உயர்த்தி வைத்து, முழுமையாக நின்ற பிறகே இறக்குவார்கள். அதனால்தான் சோதனையை நிறுத்திய காரில் செய்யச் சொல்கிறோம். கேபிள் இல்லாத (எலெக்ட்ரொனிக் திரொட்டில் உள்ள) மனுவல் கார்கள் சிலவற்றில் கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். அரை விநாடி தொங்குவதும் புகையைக் குறைக்கத் திட்டமிட்டே வைத்தது. அதைத் திருத்தப் புறப்பட்டால் காசுதான் போகும்.

கையால் ஒரு சோதனை, பாதி விடை

கேபிள் உள்ள காரில் பொனட்டைத் திறந்து, எஞ்சின் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே திரொட்டில் லீவரை மூடும் பக்கமாக விரலால் அழுத்துங்கள். ஆர்.பி.எம். உடனே விழுந்தால் தட்டு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம், கோளாறு கேபிளிலோ திரொட்டிலிலோ இருக்கிறது. விழாவிட்டால் தட்டு மூடித்தான் இருக்கிறது, காற்று வேறு வழியால் வருகிறது. பெல்ட், விசிறி பக்கம் சட்டைக் கையும் விரலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றிருக்கும் மின்விசிறி சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

இரண்டாவது சோதனை, மெனிஃபோல்டின் (திரொட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. சென்சர் கொண்ட எஞ்சின்களுக்கு மட்டும். சுசுக்கி, ஹொண்டாவின் பழைய கார்களில் பலவும் ரொயோட்டாவின் சில பழைய எஞ்சின்களும் இந்த வகை. எயார் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது திரொட்டில் வாயைத் தட்டையான பலகைத் துண்டால் முழுக்க மூடுங்கள். துணி வேண்டாம், உள்ளே இழுத்துவிடும். எஞ்சின் உடனே திணறி நின்றால் திரொட்டிலுக்குப் பிறகு கசிவு பெரிதாக இல்லை. அது பாட்டில் ஓடினால் கசிவு மெனிஃபோல்ட் பக்கம்.

எயார் ஃபில்டர் குழாயில் காற்றளவு சென்சர் பொருத்திய கார்களில் (விட்ஸ், கொரொல்லா 121, எஃப்.பி.15 சன்னி) இந்தச் சோதனை ஏமாற்றும். சென்சரைக் கடக்காத காற்றுக்குக் கம்பியூட்டர் பெற்றோல் கொடுக்காது, எஞ்சின் எப்படியும் நிற்கும். அங்கே ஸ்கேனர்தான் உதவும். நீண்டகால ஃபியூவல் ட்ரிம் (கம்பியூட்டர் தானே பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்று, 2500இல் பூச்சியத்தை நோக்கி வந்தால் அது வக்கியூம் கசிவின் (திரொட்டிலுக்குப் பிறகு வெளிக்காற்று உறிஞ்சப்படுவதன்) கையெழுத்து. சிறிய ஓட்டை மூடிய திரொட்டிலில் பெரிய பங்கு, திறந்த திரொட்டிலில் ஒன்றுமில்லை. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய கார்கள் பலவற்றில் மலிவு புளூடூத் ஸ்கேனர் பேசாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேபிள், மிதி, பாய்

சிரிக்காதீர்கள், முதலில் கால்பாய். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட இறப்பர் பாய் மிதியின் அடியைத் தாங்கிப் பிடிப்பது அடிக்கடி காணும் காரணம்.

பிறகு கேபிள். எஞ்சின் நின்றிருக்கும்போது திரொட்டில் பக்க முனையில் விரலால் அழுத்தினால் சில மில்லிமீற்றர் தொய்வு இருக்க வேண்டும். நாண் போல இறுகியிருந்தால் எஞ்சின் அசையும்போதெல்லாம் தட்டு திறக்கும். லொக் நட் இரண்டையும் தளர்த்திச் சரிசெய்யலாம். கேபிளைக் கழற்றி உள்கம்பியை இழுத்துப் பாருங்கள். நறநறவென்று வந்தால் அல்லது நுனியில் ஒரு இழை பிரிந்திருந்தால் எண்ணெய் விட்டு மினுக்காமல் புதிது போடுங்கள். பிரிந்த இழை ஒருநாள் தட்டை முழுதாகத் திறந்த நிலையிலேயே பிடித்துவிடும்.

பழைய ஓட்டோ கியர் ரொயோட்டாக்களில் திரொட்டிலிலிருந்து இன்னொரு கேபிள் கியர்பொக்ஸுக்குப் போகும். அது கியர் அழுத்தத்தைத் தீர்மானிப்பது. ஐட்லிங்குக்காக அதைத் தொட்டால் கியர்பொக்ஸைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

திரொட்டில் பொடி

திரொட்டில் பொடி என்பது தட்டைத் தாங்கும் உலோகக் கூடு. எண்ணெய் ஆவி, தூசி, கரி எல்லாம் சேர்ந்து தட்டின் விளிம்பில் கறுப்பு வளையமாகப் படியும். கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் மெதுவாகத் திறந்து விடுங்கள். கடைசி ஓரிரு மில்லிமீற்றரில் 'டக்' என்ற உலோகச் சத்தத்துடன் மூட வேண்டும். மந்தமாக வந்து நின்றால் அழுக்கு அல்லது தளர்ந்த ஸ்பிரிங். தட்டின் அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்க்கும்போது தெளிவாக ஆடினால் அச்சுத் துளை தேய்ந்துவிட்டது, அங்கிருந்தே காற்று வரும். கழுவி மாறாது.

கழுவுவதற்கு பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, எஞ்சினை ஆறவிட்டு, பொடியை இறக்கி எடுப்பதே நல்லது. பொதுவாக நான்கு போல்ட் அல்லது நட். பல கார்களில் கூலன்ட் போகும் சிறு ஹோஸ் இரண்டும் இருக்கும். அவற்றை அடைத்து வைக்க ஏதாவது தயாராக வையுங்கள். திரொட்டில் கிளீனர் ஒரு டின், பழைய பல்துலக்கி, நூல் உதிராத துணி. காபரேட்டர் கிளீனர் இதைவிடக் கடுமையானது. சில தட்டுகளின் விளிம்பில் கறுப்பான பூச்சு ஒன்று உண்டு, அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டினால் பிறகு தட்டு ஒட்டும். கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். பக்கத்தில் இருக்கும் சென்சருக்குள் ஒழுக விடாதீர்கள். திருப்பிப் பூட்டும்போது கஸ்கட் புதிது. பழையதற்கு சிலிக்கோன் பூசிப் போட்டால் நீங்களே ஒரு கசிவை உண்டாக்கினீர்கள்.

எலெக்ட்ரொனிக் திரொட்டிலில் தட்டை விரலால் தள்ளித் திறப்பது பெரிய தவறு. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம். சாவி போட்டிருக்கும்போது விரல் வைத்தால் விரலும் போகும்.

திரொட்டில் நிலையைச் சொல்லும் சென்சரையும் இங்கேயே பாருங்கள். கேபிள் கார்களில் மூடியிருக்கும்போது சிக்னல் கம்பியில் பெரும்பாலும் 0.5 வோல்ட் அளவில் இருக்கும், முழுதாகத் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேல். மூடிய நிலையில் 1 வோல்ட் காட்டினால் மிதி இன்னும் அழுத்தப்பட்டிருப்பதாகவே கம்பியூட்டர் நினைக்கும். ஐட்லிங் கட்டுப்பாட்டைத் தொடங்காது, பெற்றோலையும் வெட்டாது. அந்த ஸ்டொப் ஸ்குரூவை யாரோ திருகியதன் விளைவு பல நேரம் இதுதான். மீட்பதற்கு: ஸ்குரூவைப் பின்னே எடுத்துத் தட்டை முழுதாக மூடவிட்டு, ஸ்குரூ லீவரைத் தொடும்வரை உள்ளே கொண்டுவந்து, தட்டு குழாயில் இறுகிப் பிடிக்காத அளவுக்கு மட்டும் இன்னும் சற்றுத் திருப்புங்கள். பிறகு வோல்ட்டை மறுபடி அளவுங்கள்.

ஐட்லிங் வால்வும் கூலன்டும்

கேபிள் கார்களில் தட்டு மூடிய பிறகு எஞ்சினுக்குத் தேவையான காற்றைத் தனி வழியால் விடுவது இந்த வால்வு. கரியில் சிக்கினால் திறந்தபடியே நிற்கும். திரொட்டில் வாயின் உட்புறம் தட்டுக்கு முன்னால் இதன் துளை தெரியும். எஞ்சின் சூடாக ஓடும்போது அதை விரலால் அடைத்தால் ஆர்.பி.எம். சிறிது இறங்கலாம். ஆனால் 1500இலிருந்து நேராக 600க்கு விழுந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. கழற்றிக் கழுவலாம், ஆனால் ஸ்டெப்பர் வகையின் கூம்பைக் கையால் இழுக்கவோ திருகவோ, அதன் பின்களுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுக்கவோ வேண்டாம்.

பழைய ஹொண்டாக்களிலும் வேறு சிலவற்றிலும் மெழுகு வால்வு ஒன்றும் உண்டு. குளிரில் திறந்து, சூடான கூலன்ட் பட்டதும் மெழுகு விரிந்து மூடும். கூலன்ட் குறைந்தாலோ குழாயில் காற்றுக்குமிழி தங்கினாலோ மெழுகு சூடாகாது. எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடினாலும் அந்த வால்வு மட்டும் இன்னும் விடிகாலை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எந்தப் பாகத்தையும் வாங்குமுன் ஆறிய எஞ்சினில் றேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி, குமிழி அடங்கும்வரை ஓடவிட்டுக் காற்றை எடுங்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு வம்பும் உண்டு. 'இந்த வெயிலுக்குத் தேவையில்லை' என்று தேர்மொஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். 82 பாகை அளவில் திறக்க வேண்டிய கதவு இல்லாததால் ஓடும் காரில் எஞ்சின் 60, 65 பாகையிலேயே கிடக்கும். கம்பியூட்டர் அதைக் குளிர் எஞ்சின் என்று எண்ணி ஐட்லிங்கைத் தூக்கி வைத்து, பெற்றோலையும் கூடுதலாக ஊற்றும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் ஆர்.பி.எம். உயர்ந்து, நெரிசலில் நின்று சூடேறியதும் தானே சரியானால் முதல் சந்தேகம் இதுதான். தேர்மொஸ்டாட்டைப் போடுங்கள்.

கூலன்ட் வெப்ப சென்சரையும் மீற்றரால் பார்க்கலாம். டென்ஸோ வகைகளில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம். சூடான எஞ்சினில் ஒரு கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் அது பொய் சொல்கிறது.

வக்கியூம் கசிவு

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் நகரத்தில் ஓடும் பல கார்களின் இறப்பருக்கு இருபது வயதுக்கு மேல். ஹோஸை வளைத்துப் பாருங்கள். வளையாமல் 'மொறுக்' என்றால் அதன் காலம் முடிந்தது. நுனி மட்டும் விரிந்திருந்தால் ஒரு சென்ரிமீற்றர் வெட்டித் திருப்பிப் போட்டாலே போதும்.

தேடும் வரிசை: திரொட்டிலுக்குப் பின்னாலிருக்கும் சிறு ஹோஸ்கள், பி.சி.வி. ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மெனிஃபோல்டுக்கு எடுத்துச் செல்வது; அடிப்பக்க வளைவில்தான் வெடிக்கும், மேலிருந்து தெரியாது), பிரேக் பூஸ்டரின் தடித்த ஹோஸ், திரொட்டில் கஸ்கட், இன்ஜெக்டர் அடியிலுள்ள இறப்பர் வளையம், கடைசியில் மெனிஃபோல்ட் கஸ்கட். ஹோஸ்களைத் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஆர்.பி.எம். மாறுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. பூஸ்டர் ஹோஸை நசுக்கியதும் ஐட்லிங் சரியானால் பூஸ்டரின் டயஃபிரமே கிழிந்திருக்கலாம். அது பிரேக் விஷயம், தள்ளிப்போடாதீர்கள்.

நசுக்க முடியாத மூட்டுகளுக்கு ஸ்பிரே போத்தலில் தண்ணீர். கஸ்கட் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கும்போது ஒரு இடத்தில் எஞ்சின் தடுமாறினால் அங்கே பாருங்கள். கிளீனர் ஸ்பிரே இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் சூடான எக்ஸோஸ்டுக்கும் பிளக் வயருக்கும் பக்கத்தில் அது தீ வைப்பதற்குச் சமம். அதைச் செய்வதைவிடப் புகை விடும் கருவி உள்ள கராஜுக்குப் போகலாம், கசிவு கண்ணுக்கே தெரியும்.

பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் 'கடகட' என்று ஒலிக்க வேண்டும். எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், மெனிஃபோல்ட் பக்கமிருந்து ஊதினால் ஏறக்குறைய அடைக்க வேண்டும். சத்தமில்லாதது ஒட்டிவிட்டது. பெற்றோல் ஆவியைத் தாங்கியிலிருந்து உறிஞ்சும் பேர்ஜ் வால்வை எவரும் நினைப்பதில்லை. எஞ்சின் குளிராக ஐட்லிங்கில் ஓடும்போது, வால்விலிருந்து கரிக் கனிஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரல் வையுங்கள். அந்த நேரத்தில் உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் வால்வு திறந்தே கிடக்கிறது.

கழுவிய பிறகு இன்னும் மோசமானால்

எலெக்ட்ரொனிக் திரொட்டிலைக் கழுவியதும் ஐட்லிங் 1500க்கு ஏறிவிட்டதா? பயப்பட வேண்டாம். அழுக்கிருந்த காலத்தில் கம்பியூட்டர் தட்டைச் சற்று அதிகமாகத் திறக்கக் கற்றிருந்தது, அழுக்குப் போனதும் அதே திறப்பில் காற்று கூடிவிட்டது. மறுபடி கற்பிக்க வேண்டும்.

ஹொண்டாவில்: கம்பியூட்டரின் நினைவை அழித்த பின் எல்லா மின்சுமையையும் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, றேடியேட்டர் விசிறி ஓடும்வரை 3000இல் பிடியுங்கள். பிறகு மிதியைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள்.

நிசானில் கைக்கடிகாரம் வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திப் பத்து விநாடி. சாவியை 'ஒன்' நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்யாமல் மூன்று விநாடி. ஐந்து விநாடிக்குள் மிதியை முழுதாக ஐந்து தடவை அழுத்தி விடுங்கள். ஏழு விநாடி பொறுத்து, மிதியை முழுதாக அழுத்திச் சுமார் 20 விநாடி பிடியுங்கள். எஞ்சின் விளக்கு சிமிட்டத் தொடங்கி, பிறகு நிலையாக எரியும். நிலைத்த மூன்று விநாடிக்குள் மிதியை விட்டு, ஸ்டார்ட் செய்து, 20 விநாடி தொடாமல் விடுங்கள். முதல் தடவையே வாய்ப்பது அபூர்வம், ஒரு விநாடி பிசகினாலும் ஏற்காது. மூன்று நான்கு தடவை முயன்றும் வராவிட்டால் ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள், அது இரண்டு நிமிட வேலை.

மாருதி 800 போன்ற காபரேட்டர் கார்கள்

இங்கே கம்பியூட்டரைக் குறைசொல்ல முடியாது. சோக் கேபிள் முழுதாக உள்ளே போகிறதா, ஏ.சி. போட்டால் ஐட்லிங்கைத் தூக்கும் டயஃபிரம் ஏ.சி. நிறுத்திய பின் பின்வாங்குகிறதா என்று பாருங்கள். காபரேட்டரின் அடித்தட்டு கஸ்கட் பழசானால் கலவையில் காற்று கூடும். பெற்றோல் குறைந்த கலவை மெதுவாகவே இறங்கும் என்பது பழைய பாஸ்மார் அறிந்த அடையாளம்.

எல்லாம் சரியாக இருந்தும் தொங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைச் சுற்றும் திசையில் திருப்பி விடுங்கள். உள்ளேயிருக்கும் எடைகளின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் ரோட்டர் சட்டென்று திரும்பி வரும். அங்கேயே நின்றால் தீப்பொறி நேரம் முந்தியபடியே சிக்கியிருக்கிறது, எத்தனை தடவை காபரேட்டரைப் பிரித்துப் பூட்டினாலும் ஆர்.பி.எம். இறங்காது.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம் பஞ்சிகாவத்தை. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கார் மொடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மொடலில் இரண்டு மூன்று வகைத் திரொட்டில் வந்திருக்கும், சொக்கெட்டின் பின் எண்ணிக்கையும் பாகத்தில் பொறித்த இலக்கமும் பொருந்த வேண்டும். பாவித்த திரொட்டில் பொடி வாங்கினால் கடையிலேயே தட்டைத் திறந்து விட்டு அந்த 'டக்' சத்தத்தைக் கேளுங்கள், அச்சை ஆட்டிப் பாருங்கள், ஸ்டொப் ஸ்குரூவின் பெயின்ட் உடையாததா என்று பாருங்கள். இரண்டு சுருள் உள்ள ஐட்லிங் வால்வென்றால் மீற்றரை எடுத்துச் சென்று இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓம் காட்டுகிறதா என்று அளவுங்கள். வக்கியூம் ஹோஸை மட்டும் பாவித்தது வாங்காதீர்கள். பெற்றோல், எண்ணெய் ஆவியைத் தாங்கும் வகையைக் கேட்டு, உள்விட்டம் பார்த்துப் புதிதாக மீற்றர் கணக்கில் வெட்டி வாங்குங்கள்.